பட்டுப் பாதைக்குப் பின்னால் ஒரு புல்வெளிப் பேரரசு: சியோங்னு

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சோங்ஹாங் யுவே என்று ஒரு சீன அந்தப்புரப் பணியாளர் இருந்தார். வடக்கே புல்வெளி அரசனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட இளவரசிக்குத் துணையாகப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்று அடம்பிடித்தார். வலுக்கட்டாயமாக அனுப்பிவைத்தார்கள். போனவர் அங்கே கட்சி மாறி, அந்த அரசனுக்கே ஆலோசகராகிவிட்டார்.

அவர் சொன்ன முதல் ஆலோசனை சீனப் பட்டைப் பற்றியது. "உங்கள் மொத்த ஜனத்தொகை சீனாவின் ஒரு மாவட்டத்துக்குக்கூடக் காணாது. இருந்தும் நீங்கள் பலமாக இருக்கிறீர்கள் என்றால், சோற்றுக்கும் துணிக்கும் அவர்கள் கையை எதிர்பார்க்காததுதான் காரணம். அவர்கள் தங்கள் பொருளில் பத்தில் இரண்டு பங்கைக் கொடுத்தாலே போதும், நீங்கள் முழுசாக அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்" என்கிற பொருளில் பேசியிருக்கிறார். பட்டு உடையைப் போட்டுக்கொண்டு முள் காட்டுக்குள் குதிரை ஓட்டுங்கள், கிழியட்டும், தோலும் கம்பளியும் எவ்வளவு மேல் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றாராம். சீன உணவு வந்தால் தூக்கி எறியுங்கள், பாலுக்கும் தயிருக்கும் அது ஈடாகாது என்றும் சொன்னாராம். இதைப் பதிவு செய்தவர் சீன வரலாற்றாசிரியர் சிமா சியான்.

நல்ல யோசனைதான். ஆனால் யாரும் கேட்கவில்லை. அந்த அரசில் பெரிய மனிதர்களைப் புதைத்த குழிகளைத் தோண்டினால் பட்டு பட்டாக வருகிறது.

அந்த அரசுதான் சியோங்னு. இன்றைய மங்கோலியாவை நடுவாக வைத்து, ஏறத்தாழ 300 ஆண்டுகள் நின்ற பேரரசு. பட்டுப் பாதை என்றதும் ஒரு முனையில் சீன நெசவாளியும் மறுமுனையில் ரோமாபுரிச் சீமாட்டியும் நினைவுக்கு வருகிறார்கள். நடுவில் இருந்த நாடோடிகளைப் பொதுவாக வழிப்பறிக்காரர்கள் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அது பாதி உண்மைகூட இல்லை. அந்த வழியில் சரக்கு நகரத் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணமே அவர்கள்தான் என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்த நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹங்கேரியிலிருந்து மஞ்சூரியா வரை, நடுநடுவே மலைகள் குறுக்கிட்டாலும், புல்வெளி நீண்டு கிடக்கிறது. இதைத்தான் ஸ்டெப்பி என்கிறார்கள். மழை குறைவு, குளிர் கொடுமை, பெரும்பகுதியில் உழுது பயிரிட முடியாது. புல்லை மனிதன் தின்ன முடியாது, ஆடு தின்னும். அதனால் ஆடு, செம்மறி, மாடு, குதிரை, ஒட்டகம் என்று ஐந்து வகைக் கால்நடைகளை வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஏற்ப மேய்ச்சல் நிலம் மாறி மாறி வாழ்ந்தார்கள். பால், இறைச்சி, தோல், கம்பளி எல்லாம் அதிலேயே கிடைத்தது.

ஆனால் இந்தச் செல்வத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. நெல்லைக் குதிரில் போட்டுப் பூட்டலாம். மந்தையைப் பூட்டி வைக்க முடியாது, ஒரு மோசமான குளிர்காலம் போதும். கி.மு. 71 வாக்கில் சியோங்னு அரசன் ஒரு படையெடுப்பு முடிந்து திரும்பும்போது பெரும் பனி கொட்டி, ஆட்களும் விலங்குகளும் உறைந்து, பத்தில் ஒரு பங்குகூட ஊர் திரும்பவில்லை என்று சீனக் குறிப்பு சொல்கிறது. அடுத்து என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள்: அதுவரை அடங்கியிருந்த அண்டை இனங்கள் மூன்று பக்கமிருந்தும் பாய்ந்தன. ஒரே பனிக்காலத்தில் அரசே ஆட்டம் கண்டது.

ஆக, மேய்ச்சல் அரசனுக்கு இரண்டு கவலை. ஒன்று, தானியமும் துணியும் எப்போதாவது வெளியிலிருந்து வேண்டியிருக்கும். இரண்டாவது அதைவிடப் பெரியது: தன் கீழ் இருக்கும் தலைவர்களைப் பிடித்து வைப்பது. விவசாயி நிலத்தை விட்டு ஓட முடியாது, வரி வசூலித்துவிடலாம். மேய்ப்பன் அப்படியில்லை. பிடிக்காவிட்டால் கூடாரத்தைச் சுருட்டி, மந்தையை ஓட்டிக்கொண்டு வேறு தலைவனிடம் போய்விடுவான். அவனை வைத்திருக்க வேண்டுமென்றால் கையில் எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டைக் கொடுத்துப் பயனில்லை, அது எல்லோரிடமும் இருக்கிறது. கிடைக்காத பொருளாக இருக்க வேண்டும், சுமக்க லேசாக இருக்க வேண்டும், பார்த்தால் கௌரவம் தெரிய வேண்டும். பட்டு இந்த மூன்றுக்கும் பொருந்தியது.

சரி, இந்த அரசு எப்படி உருவானது? சின் வம்சம் கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கியது. சில ஆண்டுகளில் அதன் படை வடக்கே போய், மஞ்சள் ஆற்றின் பெரிய வளைவுக்குள் இருந்த மேய்ச்சல் நிலத்திலிருந்து சியோங்னுக்களை விரட்டியது. அந்த நெருக்கடியில் எழுந்தவன் மோடு. அப்பன் தூமான் அவனை யுவேழி என்ற எதிரிக் கூட்டத்திடம் பிணையாக அனுப்பிவிட்டு, அந்தக் கூட்டத்தின் மீதே படையெடுத்தான், மகன் சாகட்டும் என்று. மகன் ஒரு நல்ல குதிரையைத் திருடிக்கொண்டு தப்பி வந்தான். பிறகு சீழ்க்கையடித்துக்கொண்டு பறக்கும் ஓர் அம்பைச் செய்து, "நான் இதை எதன் மீது விடுகிறேனோ அதன் மீது எல்லோரும் விட வேண்டும்" என்று தன் வீரர்களைப் பழக்கினான். முதலில் தன் அருமைக் குதிரை, அடுத்து தன் மனைவி. தயங்கியவர்கள் தலை போனது. கடைசியில் அந்த அம்பு அப்பன் மீது பாய்ந்தது. கி.மு. 209இல் அவன் அரசனானான். அவர்கள் மொழியில் அரசனுக்குச் சான்யூ என்று பட்டம்.

இதுவும் சிமா சியான் சொல்வதுதான். சியோங்னுக்கள் தங்கள் வரலாற்றை எழுதி வைக்கவில்லை. எதிரி எழுதியதைத்தான் படிக்கிறோம், அதனால் இந்த அம்புக் கதையைச் சற்றுத் தள்ளி நின்றே கேட்க வேண்டும். ஆனால் அவன் கட்டியமைத்த நிர்வாகம் கதையில்லை. இடப்பக்கம், வலப்பக்கம் என்று கிழக்கும் மேற்குமாகப் பிரித்து, 24 பெரிய தலைவர்களை வைத்து, அவர்களுக்குக் கீழே ஆயிரம், நூறு, பத்து என்று அடுக்கினான். இலையுதிர் காலத்தில் குதிரை கொழுத்ததும் எல்லோரும் கூடி ஆளையும் மந்தையையும் எண்ணிக் கணக்கெடுத்தார்கள். காட்டுமிராண்டிக் கூட்டம் தலைக்கணக்கு எடுக்குமா?

கி.மு. 200இல், சின்னுக்கு அடுத்து வந்த ஹான் வம்சத்தின் முதல் பேரரசர் தானே படை நடத்தி வந்து, இன்றைய தாதோங் நகருக்குப் பக்கத்தில் பைதெங் மலையில் மோடுவிடம் சிக்கினார். ஏழு நாள் முற்றுகை. சான்யூவின் மனைவிக்கு ரகசியமாகப் பரிசு அனுப்பிப் பேசித்தான் வெளியே வர முடிந்தது. அதற்குப் பிறகு கி.மு. 198இல் ஓர் உடன்படிக்கை. பெண்ணையும் கொடுத்து, வருஷா வருஷம் சீரும் அனுப்புவது என்று முடிவானது: பட்டுத் துணி, பட்டுப் பஞ்சு, மது, தானியம். பதிலுக்குச் சான்யூ எல்லை தாண்டிக் கொள்ளையடிக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டைச் சீனத் தரப்பில் அவமானமாகவே எழுதி வைத்தார்கள். ஆனால் வணிகத்தின் பக்கமிருந்து பார்த்தால் இது ஒரு பெரிய நிகழ்வு. அரசுக் கிடங்கிலிருந்து ஒழுங்காக, வருடந்தோறும், பெரிய அளவில் பட்டு வடக்கே நகரத் தொடங்கியது. அதற்கு முன்பும் பட்டு புல்வெளிக்குப் போயிருக்கிறது. அல்தாய் மலையின் பாசிரிக் கல்லறைகளில், சியோங்னு காலத்துக்கு முன்பே, சீனப் பட்டு இருந்தது. அப்போது கசிவாக இருந்தது இப்போது வாய்க்காலாயிற்று.

அப்புறம் எல்லைச் சந்தைகள். பெருஞ்சுவரின் வாசல்களில் நடந்த இந்தச் சந்தைகளுக்குப் புல்வெளிக்காரர்கள் குதிரை, மாடு, தோல், மென்மயிர் கொண்டுவந்தார்கள். போகும்போது துணியும் தானியமும் வாங்கிப் போனார்கள். சான்யூவுக்குச் சீர் பிடித்திருந்தது என்றால் சாதாரண மேய்ப்பனுக்குச் சந்தை பிடித்திருந்தது. கி.மு. 133இல் ஹான் பேரரசர் வூ, மாயி என்ற ஊரில் சான்யூவைப் பொறிவைத்துப் பிடிக்கப் பார்த்தார். தூண்டிலாகப் போனவர் ஒரு வணிகர்: ஊரைக் காட்டிக்கொடுக்கிறேன், வாருங்கள் என்று அழைத்தார். வழியில் மந்தைகள் மேய்கின்றன, மேய்ப்பவன் ஒருவனும் இல்லை. ஆடு மாடு தெரிந்தவனை இப்படி ஏமாற்ற முடியுமா? சான்யூவுக்குச் சந்தேகம் தட்டியது, திரும்பிவிட்டான். அதற்குப் பிறகு முழுப் போர்தான். ஆனாலும் சந்தைகள் மூடப்படவில்லை என்கிறார் சிமா சியான். சியோங்னுக்களுக்கு அந்தப் பொருள்கள் மீது ஆசை, சீனாவுக்கும் அவர்களை அங்கே கட்டிப்போட்டு வைப்பது வசதி.

சீனாவிலும் சிலர் இதை நஷ்டமாகப் பார்க்கவில்லை. கி.மு. 81இல் உப்பு, இரும்பு வியாபாரம் அரசுக்கா தனியாருக்கா என்று ஹான் அவையில் பெரிய விவாதம் நடந்தது. அரசுத் தரப்பு வாதங்களில் இதுவும் ஒன்று: சாதாரண வெள்ளைப் பட்டில் ஒரு துண்டைக் கொடுத்தால் சியோங்னுவிடமிருந்து பல பொன் மதிப்புள்ள பொருள் வருகிறது, கோவேறு கழுதையும் ஒட்டகமும் வரிசையாக எல்லைக்குள் நுழைகின்றன. நமக்கு மலிவானது அவனுக்கு அரிது, அவனுக்கு மலிவானது நமக்கு அரிது. இதைவிடச் சுருக்கமாக வணிகத்தை விளக்க முடியாது.

இப்போது மேற்கே திரும்புவோம், ஏனென்றால் உண்மையான பாதை அங்கேதான் இருக்கிறது. சீனாவின் மேற்குக் கோடியைத் தாண்டினால் தாரிம் படுகை. நடுவில் தக்லமக்கான் பாலைவனம், ஓரங்களில் பனிமலை உருகிவரும் ஓடைகளை நம்பிச் சிறுசிறு பாலைவனச்சோலை நகரங்கள். கிழக்கும் மேற்கும் சந்திக்க வேண்டுமென்றால் இந்த ஊர்கள் வழியாகத்தான் போக வேண்டும். கி.மு. 176இல் மோடு சீனப் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், யுவேழிகளை நொறுக்கிவிட்டேன், லோலான், வூசுன் உட்படப் பக்கத்து 26 நாடுகளும் என் கீழ் வந்துவிட்டன, வில் வளைக்கும் மக்கள் எல்லோரும் ஒரே குடும்பமாகிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான்.

அங்கே அவர்கள் கொள்ளையடித்துவிட்டுப் போய்விடவில்லை. யான்சி என்ற நகரை ஒட்டிய பகுதியில் ஓர் அதிகாரியை உட்காரவைத்தார்கள். சோலை நகரங்களிடம் வரி வசூலிப்பது அவர் வேலை. மேய்ச்சல்காரனுக்குத் தேவையான தானியமும் இரும்பும் துணியும் அங்கிருந்து வந்தன. வரி கொடுக்கிற ஊர் செழிப்பாக இருந்தால்தான் வரி வரும், ஊர் செழிக்க வணிகர் வர வேண்டும்.

இதன் பலன் என்ன என்பதற்குச் சிமா சியானிடமே ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது, எனக்கு அவர் எழுதியதிலேயே மிகவும் பிடித்தது. சான்யூவின் ஒரே ஒரு அடையாளச் சீட்டை வைத்திருந்தால் போதும், வூசுன் நாட்டிலிருந்து பாரசீகப் பக்கத்துப் பார்த்தியா வரை ஊருக்கு ஊர் சோறு போட்டு அனுப்பிவைத்தார்கள், தடுத்து நிறுத்த யாருக்கும் துணிச்சல் இல்லை. சீனத் தூதர்களுக்கோ, பட்டை எடுத்து வைக்காவிட்டால் சாப்பாடு கிடையாது, காசு கொடுக்காவிட்டால் ஏறக் குதிரை கிடையாது. ஓர் எழுத்துச் சீட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குச் செல்லுபடியாகிறது என்றால், அதன் பின்னால் வெறும் பயம் மட்டுமில்லை, பழகிய ஒழுங்கும் இருக்கிறது.

இந்த ஒழுங்கு இருந்ததே சீனாவுக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரியவந்தது சாங் சியான் என்ற தூதர் மூலமாக. சியோங்னுவிடம் தோற்ற யுவேழிகள் மேற்கே ஓடிவிட்டார்கள், அவர்களைக் கண்டுபிடித்துக் கூட்டணி பேசிவா என்று பேரரசர் வூ கி.மு. 138 வாக்கில் அவரை நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு அனுப்பினார். எல்லை தாண்டியதுமே சியோங்னுக்களிடம் பிடிபட்டார். "உங்கள் நாட்டைத் தாண்டித் தெற்கே யுவே தேசத்துக்கு நான் தூதர் அனுப்பினால் உங்கள் பேரரசர் விடுவாரா?" என்று சான்யூ கேட்டானாம். பத்தாண்டு வைத்திருந்தார்கள், கல்யாணமும் செய்துவைத்தார்கள், பிள்ளையும் பிறந்தது. ஒரு நாள் தப்பி, மத்திய ஆசியாவின் பெர்கானா பள்ளத்தாக்கு வழியாக ஆமு தாரியா ஆற்றின் கரைக்கு யுவேழிகளைத் தேடிப் போனார். அவர்களோ நல்ல நிலத்தில் வசதியாக உட்கார்ந்துவிட்டார்கள், பழிவாங்கும் எண்ணமே இல்லை. பிற்காலத்தில் இவர்களில் ஒரு கிளைதான் குஷாணப் பேரரசாகி இந்தியாவின் வடக்கே ஆண்டது. கனிஷ்கரின் முன்னோர் இந்தியப் பக்கம் வந்ததற்கு மோடுவின் குதிரைப்படை ஒரு காரணம்.

சாங் சியான் வேறொன்றைக் கண்டார். பாக்திரியாவின் (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பக்கம்) சந்தையில் தென்மேற்குச் சீனாவின் துணியும் மூங்கில் கைத்தடியும் கிடந்தன. எங்கே வாங்கினீர்கள் என்றால், தென்கிழக்கே இந்தியாவில் என்றார்கள். ஆக சீன அரசுக்குத் தெரியாமலே சீனச் சரக்கு உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் மறுபடியும் சியோங்னுவிடம் பிடிபட்டு ஓராண்டுக்கு மேல் கிடந்து, கி.மு. 126 வாக்கில் ஊர் சேர்ந்தபோது, புறப்பட்ட நூற்றுச்சொச்சம் பேரில் மிஞ்சியது அவரும் அவருடைய சியோங்னுத் துணையாள் கான்ஃபூவும்தான்.

அந்த அறிக்கைக்குப் பிறகு சீனாவின் நோக்கம் விரிந்தது. கி.மு. 121இல், சீனாவிலிருந்து தாரிம் படுகைக்குப் போகும் குறுகிய நிலப்பகுதியான ஹெக்சி நடைவழி சியோங்னு கையிலிருந்து போனது. அங்கே துன்ஹுவாங் போன்ற காவல் நகரங்கள் எழுந்தன. கி.மு. 104 முதல் 101 வரை பெர்கானாவின் உயர்ந்த சாதிக் குதிரைகளுக்காகவே ஒரு போர். கி.மு. 60இல் தாரிம் படுகைக்குச் சீனா ஒரு காவல் தலைவரை நியமித்தது, சியோங்னுவின் வரி அதிகாரி காணாமல் போனார். பள்ளிப் புத்தகங்கள் இங்கேதான் "பட்டுப் பாதை திறந்தது" என்று சொல்கின்றன. திறக்கப்பட்டது என்பதைவிட, கை மாறியது என்பதே பொருத்தம்.

தோற்ற பிறகு பட்டு நின்றதா என்றால், அதிகமானது. கி.மு. 51இல் ஹூஹான்யே என்ற சான்யூ, சொந்த அண்ணனோடு நடந்த சண்டையில் ஒடுங்கிப்போய், சீன அவைக்கு நேரில் வந்து பணிந்தான். அவனுக்குக் கிடைத்த பரிசில் 8,000 சுருள் பட்டு. கி.மு. 1இல் வந்த சான்யூவுக்கு 30,000 சுருளும் 30,000 ஜின் பட்டுப் பஞ்சும். ஒரு சுருள் ஏறக்குறைய 9 மீட்டர், ஒரு ஜின் கால் கிலோ. கணக்குப் போட்டால் 270 கிலோமீட்டர் நீளத் துணியும் ஏழரை டன் பஞ்சும். ஒரு அரசவை இவ்வளவையும் உடுத்தித் தீர்க்க முடியாது. கீழே இருக்கும் தலைவர்களுக்குப் போயிற்று, அவர்களிடமிருந்து அண்டை இனங்களுக்கு, அங்கிருந்து குதிரைக்கும் தானியத்துக்கும் மாற்றாகச் சோலை நகர வணிகர்களிடம், அவர்களிடமிருந்து இன்னும் மேற்கே. ஒரு துண்டுப் பட்டு எத்தனை கை மாறி ரோமைத் தொட்டது என்று பின்தொடர வழியில்லை. ஆனால் புல்வெளியின் தேவை என்ற உந்துதல் இல்லாமல் இவ்வளவு துணி சீனாவை விட்டு வெளியே வந்திருக்காது.

எதிர்த்திசையில் வந்தவற்றைக் கல்லறைகளில் பார்க்கலாம். உலான்பாத்தருக்கு வடக்கே நோயோன் ஊல் மலைக்காட்டில் 1912இல் தங்கம் தேடிப் போனவர்கள் தற்செயலாக ஒரு குழியைக் கிளறினார்கள். 1924இல் ரஷ்யப் பயணி கொஸ்லோவின் குழு முறையாகத் தோண்டியது. ஆழத்தில், மரக்கட்டைகளால் கட்டிய அறை. தரையில் கம்பளி விரிப்பு, அதில் கழுகு முகமும் சிறகும் கொண்ட ஒரு மிருகம் கடமானைக் கவ்வுகிற காட்சி தைக்கப்பட்டிருந்தது. அது அவர்கள் சொந்தக் கலை. சுற்றிலும் சீனப் பட்டு. மரப்பிசின் மெருகு பூசிய சீனக் கிண்ணம் ஒன்றில் கி.மு. 2ஐக் குறிக்கும் எழுத்து. இன்னொரு பக்கம், மீசை வைத்த மேற்கத்திய முகங்களைப் பூத்தையலில் தீட்டிய கம்பளித் துணிகள். பின்னர் அங்கே கிடைத்த துணிகளைப் பற்றி ஆய்வாளர்களிடம் ஒரு கணிப்பு உண்டு: நெய்தது சிரியா அல்லது பாலஸ்தீனப் பக்கம், பூ வேலை செய்தது வடமேற்கு இந்தியாவில். மங்கோலியாவின் அர்கங்காய் மாநிலத்தில் கோல் மோத் என்ற இடத்திலோ ரோமானியக் கண்ணாடிக் கிண்ணமே கிடைத்தது. உடையாமல் அவ்வளவு தூரம் கண்ணாடியைக் கொண்டுவந்தவனின் பொறுமையை நினைத்துப் பார்க்கலாம்.

எல்லோரும் எப்போதும் குதிரை மேலேயே இருந்தார்கள் என்பதும் சரியல்ல. பைக்கால் ஏரிக்குத் தெற்கே, இன்றைய உலான் உதே அருகில் இவோல்கா என்ற இடத்தில் மண் அரண் சூழ்ந்த குடியிருப்பு தோண்டப்பட்டது. இரும்பு உருக்கினார்கள், பானை வனைந்தார்கள், உழுதார்கள். பிடித்துவரப்பட்ட சீனர்களும் அங்கே இருந்திருக்க வேண்டும். நாடோடி அரசு தன் பிடிக்குள்ளேயே விவசாயத்தையும் பட்டறையையும் வளர்த்துக்கொண்டது.

கி.பி. 48இல் சியோங்னு வடக்கு, தெற்கு என்று இரண்டாயிற்று. தெற்கு சீனாவோடு ஒட்டிக்கொண்டது, வடக்கு கி.பி. 89இல் ஹான் படையிடம் அடிவாங்கிச் சிதறியது. ஐரோப்பாவைக் கலக்கிய ஹூணர்கள் இவர்கள் வழி வந்தவர்களா என்பது இன்றும் தீராத வழக்கு. தெற்கில் தங்கியவர்களின் வாரிசுகள் கி.பி. 311இல் சீனத் தலைநகர் லுவோயாங்கையே பிடித்தார்கள். அந்தச் செய்தி ஒரு சோக்தியானா (சாமர்கண்டைச் சுற்றிய பகுதி) வணிகரின் கடிதத்தில் இருக்கிறது. சாமர்கண்டுக்குப் போக வேண்டிய அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. 1907இல் துன்ஹுவாங் அருகே பாழடைந்த காவல் கோபுரம் ஒன்றில் தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் அதைக் கண்டெடுத்தார். எழுதியவர் நகரம் எரிந்ததையும் அங்கிருந்த தன் ஆட்கள் பசியால் மாண்டதையும் சொல்லிவிட்டு, சரக்குக் கணக்குக்கும் வந்துவிடுகிறார்.

சியோங்னு வகுத்த முறையை அடுத்து வந்த புல்வெளி அரசுகளும் கையாண்டன. 6ஆம் நூற்றாண்டில் துருக்கியர் வட சீன அரசுகளிடமிருந்து பட்டைக் குவித்தார்கள். அதை விற்றுத் தர அவர்களுக்குச் சோக்தியர்கள் இருந்தார்கள். முதலில் பாரசீகத்தில் விற்கப் பார்த்தார்கள். அங்கே பேரரசர் கோஸ்ரோ விலையைக் கொடுத்து மொத்தப் பட்டையும் வாங்கி, வந்தவர்கள் கண்ணெதிரேயே கொளுத்தச் சொன்னார், தன் நாட்டு வழியாக இந்த வியாபாரம் நடக்கக் கூடாது என்பதைச் சொல்லும் விதமாக. சோக்தியத் தலைவர் மானியாக் அசரவில்லை. பாரசீகத்தைச் சுற்றிக்கொண்டு காக்கசஸ் மலை வழியாகக் கிளம்பி, கான்ஸ்டான்டினோப்பிளில் பைசாந்தியப் பேரரசரிடமே போய் நேரடியாகப் பேரம் பேசினார்.